முந்நூற்று ஒன்று

கட்டபெட்டுக்குக் கீழே மூடிய தேயிலைத் தொழிற்சாலையில்
மின்சாரத்தை மட்டும் இன்னும் துண்டிக்கவில்லை.
பில்லை யார் கட்டுகிறார்கள் என்று
சாவி வைத்திருந்த போஜனுக்கும் தெரியவில்லை.

எனக்குச் சொன்னது இவ்வளவுதான்:
கூரை ஒழுகிக் காகிதப் பேரேடுகள் கஞ்சியாகிவிட்டன.
மிச்சம் இருப்பது இந்தப் பெட்டிக்குள்.
வக்கீலுக்கு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

சுவிட்சைத் தட்டினேன்.
விசிறி இருமியது. வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு பச்சைத் திரையின் மூலையில்
ஒரு சொல்லும் துணையில்லாமல்

161
163
39 301

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை எனக்கு.
உடைந்த போன்களுக்குக் கண்ணாடி மாற்றிப் பிழைக்கிறேன்.
பாலிடெக்னிக்கில் எங்கள் பேட்ச்சுக்குத் தள்ளிவிட்டது
இதே மாதிரி கழித்துக்கட்டிய பெட்டிகளைத்தான்.
அன்றைக்குத் திட்டிக்கொண்டே மனப்பாடம் செய்த எண்கள்.

நாடி பார்ப்பது போல என்று சொல்லலாம். சொல்லமாட்டேன்.
நாடிக்குப் பயம் தெரியும், வெட்கம் தெரியும்.
இது தன்னைத் தானே தடவிப் பார்த்து
எங்கே கை நின்றதோ அந்த இடத்தின் எண்ணைச் சொல்கிறது.
அவ்வளவுதான்.

கதவருகே நின்ற பெண் சட்டென்று சொன்னாள்:
"அது என் நம்பர்."
எது?
"முந்நூத்தி ஒண்ணு. இலை நிறுக்கையில
அப்படித்தான் கூப்பிடுவாங்க. இதுக்கு எப்படித் தெரியும்?"

301 என்றால் கீபோர்டில் கோளாறு, அக்கா.
39 எந்தக் கட்டை என்று காட்டுவது.
அமுங்கிய கட்டை எழவில்லை என்று அர்த்தம்.

பவளக்கொடி தலையாட்டினாள்,
வேறு எதற்கோ ஆட்டுவது போல.

முப்பத்தொன்பது, நீளக் கட்டை.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடுவது.
கழற்றினேன். அடியில் பனியில் இறுகிய தேயிலைத்தூள்.
எத்தனை வருஷமாகவோ இந்தப் பெட்டி
யாரும் எழுதாத வரியில்
இடைவெளியாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

161 பேட்டரி. மாற்றினேன்.
163 நேரம். அது தன் பங்குக்கு
1980 ஜனவரி ஒன்று என்றது.
"அன்னைக்கு மண்டபம் கேம்ப்புல இருந்தோம்" என்றாள்.
"கப்பல்விட்டு எறங்கி நாலு நாளு."
தேதியைத் திருத்தக் கை வரவில்லை. பிறகு திருத்தினேன்.

அடுத்த முறை ஒற்றை எண்: 1701.
வட்டு சுழலவில்லை. ஜனவரிக் குளிரில் எண்ணெய் உறைந்திருக்கும்.
சூடு காட்ட அடுப்பு உண்டா என்றேன்.
போஜன் சிரித்தார்: உலர்த்தும் உலையையே
போன வருஷம் எடைக்குப் போட்டாயிற்று.

பவளக்கொடி கை நீட்டி வாங்கினாள்.
ஸ்வெட்டருக்குள், வயிற்றோடு,
சால்வையை மேலே இறுக்கிக்கொண்டு
குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.
ஒரு உலை கொதிக்கிற நேரம்.

கையில் தந்தபோது வெதுவெதுப்பு.
மணிக்கட்டால் ஒரு திருப்பு. பொருத்தினேன்.
கிர்ர் என்றது. நின்றது. மறுபடி கிர்ர்.
பிறகு சின்னதாக ஒரே ஒரு பீப்:
எல்லாம் சரி என்பதற்கு
அதனிடம் இருப்பது அந்த ஒரு ஒலிதான்.

பேரேடு திறந்தது.
நாள், கிலோ, கூலி, பிடித்தம். எல்லாம் இருந்தன.
பெயர் மட்டும் இல்லை.
பெயர் என்ற பத்தியே போடவில்லை.
வெறும் எண்கள்.

"படி" என்றாள்.
287?
"இருளாயி. செத்துப்போச்சு. மகன் திருப்பூர்ல."
288?
"வேலாயுதம் சம்சாரம், செல்லம்மா."
292?
"ராக்கு. ரெண்டு ராக்கு உண்டு. இவ நெட்டை ராக்கு."
நான் எண்ணைச் சொல்லச் சொல்ல
என்ன நேர்ந்தது என்று அவள் சொன்னாள்.
போஜன் டார்ச்சைத் தட்டித் தட்டி எரியவைத்தார்.

301-க்கு அவள் பெயரை நானே அடித்தேன்.

314?
பன்னிரண்டு நாள் கூலி. அப்புறம் ஒன்றுமில்லை.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
"மழையில வந்தா. பேரு கேக்கறதுக்குள்ள போயிட்டா."

நீளக் கட்டையை ஒரு தடவை அமுக்கினேன்.
இறங்கியது,
எழுந்தது.